குழந்தைகளின் ஒவ்வாமை ஆஸ்துமா: உயிரியல் மருந்தையும் இம்யூனோதெரபியையும் இணைத்து அளித்தல்

ஒவ்வாமை ஆஸ்துமா உள்ள குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு இன்ஹேலர் மருந்தை நாள்தோறும் முறையாக எடுத்துக்கொள்வதே போதுமானது. சிலருக்கு மட்டும், உரிய மருந்தை உரிய அளவில் எடுத்த பின்னரும் இரவு இருமலும் மூச்சுத்திணறலும் நீங்குவதில்லை. அத்தகைய குழந்தைக்கு உயிரியல் மருந்தையும் இம்யூனோதெரபியையும் இணைத்து அளிக்கலாமா என்று சிறப்பு மருத்துவர் உங்களிடம் பேசக்கூடும். இவ்விரு சிகிச்சைகளும் என்ன செய்கின்றன, ஏன் இணைக்கப்படுகின்றன, பெற்றோரும் பராமரிப்பாளரும் கவனிக்க வேண்டியவை யாவை என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• உயிரியல் மருந்து ஒவ்வாமையின் வேகத்தைத் தணிக்கிறது. இம்யூனோதெரபி உடலை ஒவ்வாமைப் பொருளுக்குப் படிப்படியாகப் பழக்குகிறது.
• ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத நிலையில் இம்யூனோதெரபி ஊசியைத் தொடங்குவது ஆபத்தானது. உயிரியல் மருந்து முதலில் ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தி, அச்சிகிச்சைக்கு வழி செய்யக்கூடும்.
• இக்கூட்டுச் சிகிச்சை எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதன்று.
• மருத்துவர் கூறாமல் இன்ஹேலர் மருந்தை நிறுத்தக் கூடாது.

ஒவ்வாமை ஆஸ்துமா எவ்வாறு உண்டாகிறது?

வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகள், மகரந்தம், பூஞ்சை, கரப்பான்பூச்சியின் கழிவு, நாய், பூனை போன்றவற்றின் தோல் உதிரிகள் ஆகியவை பொதுவான ஒவ்வாமைப் பொருள்கள். பெரும்பாலோர்க்கு இவை தீங்கு செய்வதில்லை. ஒவ்வாமை உள்ள குழந்தையின் உடலோ இவற்றைப் பகையாகக் கருதி, ‘ஐஜிஇ’ எனப்படும் எதிர்ப்பொருளை உற்பத்தி செய்கிறது. இது மாஸ்ட் செல்கள் என்னும் அணுக்களின் மேற்பரப்பில் பற்றிக்கொண்டு காத்திருக்கிறது. அதே பொருள் மறுபடியும் மூச்சுடன் உள்ளே செல்லும்போது, அவ்வணுக்கள் ஹிஸ்டமின் உள்ளிட்ட வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அதனால் மூச்சுக்குழாய் சுருங்கி, வீங்கி, சளி சுரக்கிறது. இழுப்பும் இருமலும் தோன்றுகின்றன.

உயிரியல் மருந்து என்பது யாது?

பயோலாஜிக் என்று வழங்கப்படும் உயிரியல் மருந்துகள், நோயை உண்டாக்கும் குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் தடுக்குமாறு உருவாக்கப்பட்ட எதிர்ப்பொருள்கள். ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு நீண்ட காலமாகப் பயன்பட்டு வருவது ஓமலிசுமாப். இது இரத்தத்தில் உலவும் ஐஜிஇயைப் பிடித்துக்கொண்டு, அது மாஸ்ட் செல்களைச் சென்றடையாதவாறு தடுக்கிறது. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு 12 வயதுக்கு மேற்பட்டோர்க்கும், 2016ஆம் ஆண்டு 6 வயது முதலான குழந்தைகளுக்கும் இதற்கு ஒப்புதல் வழங்கப்பட்டது.

இம்மருந்து தோலுக்கு அடியில் ஊசியாகப் போடப்படுகிறது. குழந்தையின் எடை, சிகிச்சைக்கு முன் இரத்தத்தில் இருந்த ஐஜிஇ அளவு ஆகியவற்றைக் கொண்டு மருந்தின் அளவும், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையா நான்கு வாரங்களுக்கு ஒருமுறையா என்பதும் முடிவு செய்யப்படும். சிகிச்சை தொடங்கிய பின் இரத்தப் பரிசோதனையில் மொத்த ஐஜிஇ அளவு கூடுதலாகக் காணப்படலாம். மருந்துடன் பிணைந்த ஐஜிஇ உடலிலிருந்து மெதுவாக நீங்குவதே இதற்குக் காரணம். அதனைக் கண்டு நோய் முற்றிவிட்டதாக அஞ்ச வேண்டாம்.

ஓமலிசுமாப் அடிப்படை ஒவ்வாமையை நீக்குவதில்லை. மருந்தை நிறுத்தினால் ஐஜிஇ மீண்டும் செயல்படத் தொடங்கும். பல குழந்தைகளுக்கு அறிகுறிகளும் திரும்பக்கூடும்.

இம்யூனோதெரபி என்பது யாது?

மக்கள் வழக்கில் ‘அலர்ஜி ஊசி’ எனப்படும் இச்சிகிச்சையில், குழந்தைக்கு ஒவ்வாத அதே பொருள் மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி அளிக்கப்படுகிறது. 1911ஆம் ஆண்டு லண்டனில் லெனார்டு நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தத்தைக் கொண்டு இம்முறையைச் செய்து காட்டினார். இன்று இது தோலுக்கு அடியில் ஊசியாகவோ, நாவின் அடியில் வைக்கும் மாத்திரை அல்லது சொட்டு மருந்தாகவோ வழங்கப்படுகிறது.

இதன் நோக்கம், அப்பொருளைப் பகையாகக் கருதாதிருக்க உடலின் எதிர்ப்பு மண்டலத்தைப் பழக்குவதாகும். பழக்கம் வேரூன்றக் காலம் தேவை. எனவே பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் வரை சிகிச்சை தொடரும். முழுமையாக முடித்தவர்களுள் பலருக்கு, சிகிச்சை நின்ற பின்னரும் சில ஆண்டுகள் பயன் நீடிக்கிறது.

இரண்டையும் ஏன் இணைக்க வேண்டும்?

இம்யூனோதெரபியில் ஒவ்வாத பொருளையே உடலுக்குள் செலுத்துகிறோம். ஆதலால் சில வேளைகளில் உடல் முழுவதும் ஒவ்வாமை எதிர்வினை தோன்றலாம். அவ்வெதிர்வினை கடுமையாவதற்கு முதன்மையான காரணம் கட்டுப்படாத ஆஸ்துமா. இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. கடும் ஒவ்வாமையால் அவதியுறும் குழந்தைக்கே இச்சிகிச்சையின் தேவை மிகுதி. ஆனால் அக்குழந்தைக்கே அதனைத் தொடங்குவது பாதுகாப்பற்றது.

இங்கு ஓமலிசுமாப் துணைநிற்கிறது. சில வாரங்கள் அல்லது மாதங்கள் முன்னதாக இதனை அளித்தால் ஆஸ்துமா கட்டுக்குள் வரவும், மாஸ்ட் செல்களின் எதிர்வினை தணியவும் வாய்ப்புண்டு. அந்தப் பாதுகாப்பில் இம்யூனோதெரபியின் அளவைக் கூட்டிச் செல்ல இயலும்.

ஆய்வுகள் கூறுவன

• ஜெர்மனியில் 6 முதல் 17 வயதுக்கு உட்பட்ட 221 பேரிடம் நடைபெற்று 2002இல் வெளியான ஆய்வில், மகரந்த ஒவ்வாமைக்கு இம்யூனோதெரபியுடன் ஓமலிசுமாபும் பெற்றவர்களின் அறிகுறிச் சுமை, இம்யூனோதெரபி மட்டும் பெற்றவர்களைவிட 48 விழுக்காடு குறைவாக இருந்தது. இவர்கள் மூக்கு, கண் ஒவ்வாமைக்காகச் சிகிச்சை பெற்றவர்கள்.
• ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் 248 பேரிடம் நடைபெற்று 2010இல் வெளியான ஆய்வில், முன்னதாக ஓமலிசுமாப் பெற்றவர்களில் 13.5 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 26.2 விழுக்காட்டினருக்கும் ஊசியால் உடல் தழுவிய எதிர்வினை ஏற்பட்டது.

இவை நம்பிக்கை தருகின்றன. எனினும் எதிர்வினையின் ஆபத்து குறைந்ததே தவிர, முற்றிலும் நீங்கவில்லை என்பதை நினைவிற்கொள்க. மேலும் ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் இக்கூட்டுச் சிகிச்சையை நீண்ட காலம் கண்காணித்த ஆய்வுகள் குறைவு. ஆகவே ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்தே முடிவெடுக்கப்படுகிறது.

யாருக்கு இது பரிசீலிக்கப்படலாம்?

பின்வருவன அனைத்தும் பொருந்தும் குழந்தைக்குச் சிறப்பு மருத்துவர் இதனைப் பரிசீலிக்கலாம்:

• மிதமான அல்லது கடுமையான ஆஸ்துமா இருத்தல்.
• தோல் பரிசோதனை அல்லது இரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமைப் பொருள் உறுதிப்படுதலும், அறிகுறிகள் அதனோடு ஒத்துப்போதலும்.
• இன்ஹேலரைச் சரியான முறையில், தவறாமல் பயன்படுத்தியும் நோய் கட்டுப்படாதிருத்தல்.
• பல ஆண்டுகள் மருத்துவமனைக்குத் தவறாது வந்துசெல்லக் குடும்பத்தினரால் இயலுதல்.

புதிய சிகிச்சையைத் தொடங்குமுன், குழந்தை இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறையை மருத்துவர் முன் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். பயன்படுத்தும் முறையைத் திருத்துவதாலேயே நோய் கட்டுக்குள் வருவதுண்டு. வீட்டில் புகைபிடித்தலையும் கொசுவர்த்திப் புகையையும் தவிர்ப்பதும் முதற்படியாகும்.

சிகிச்சை எவ்வாறு நடைபெறும்?

முதலில் ஓமலிசுமாப் தொடங்கப்படும். ஆஸ்துமா கட்டுக்குள் வந்ததையும், ஸ்பைரோமெட்ரி எனும் மூச்சுத்திறன் சோதனையின் முடிவு நிறைவளிப்பதையும் உறுதி செய்த பின் இம்யூனோதெரபி சேர்க்கப்படும். அதன் அளவு படிப்படியாகக் கூட்டப்பட்டு, நிலையான அளவை எட்டிய பின் நீண்ட இடைவெளியில் தொடரும். அந்நிலையில் ஓமலிசுமாபை நிறுத்திப் பார்க்கலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நிறுத்திய பின் சில மாதங்கள் கூடுதல் கண்காணிப்புத் தேவை.

ஒவ்வோர் ஒவ்வாமை ஊசிக்குப் பின்னும் குறைந்தது 30 நிமிடம் மருத்துவமனையிலேயே இருத்தல் வேண்டும். ஓமலிசுமாபின் தொடக்க ஊசிகளுக்குப் பின் இதைவிடக் கூடுதல் நேரம் காத்திருக்கச் சொல்லலாம். குழந்தை நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் முன்னதாகப் புறப்பட வேண்டாம்.

பக்கவிளைவுகளும் அவசர நிலையும்

ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, வீக்கம், அரிப்பு ஆகியவை பொதுவாகத் தோன்றும். தலைவலியும் ஏற்படலாம். அரிதாக, அனாபிலாக்சிஸ் எனப்படும் உயிருக்கு ஆபத்தான எதிர்வினை உண்டாகலாம். ஓமலிசுமாபாலும் இது அரிதாக நேர்கிறது. சில வேளைகளில் ஊசி போட்டுப் பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம்.

கீழ்க்காணும் அறிகுறிகள் தென்பட்டால் காத்திருக்காதீர்கள்:

• உடல் முழுவதும் தடிப்பு. உதடு, நாக்கு அல்லது முகம் வீங்குதல்
• மூச்சுத்திணறல், இழுப்பு, குரல் கம்முதல்
• தொடர் வாந்தி, தலைச்சுற்றல், மயக்கம்

மருத்துவர் அட்ரினலின் ஊசியைக் கொடுத்து வைத்திருந்தால் உடனே தொடையில் போடுங்கள். 108 அவசர ஊர்தியை அழையுங்கள். குழந்தையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் உட்கார வையுங்கள். நடக்கவிடாதீர்கள்.

பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டியவை

• ஊசி போடும் நாளில் காய்ச்சல், இழுப்பு அல்லது கூடுதல் இருமல் இருந்தால் ஊசிக்கு முன்பே தெரிவியுங்கள். அன்று ஊசியைத் தள்ளிவைப்பதே பாதுகாப்பு.
• ஊசி போட்ட பின் சில மணி நேரம் ஓட்டம், கடும் விளையாட்டு ஆகியவற்றைத் தவிர்க்கவும்.
• ஒரு தவணை தவறினால் மருத்துவரிடம் கூறுங்கள். முந்தைய அளவைக் குறைக்க நேரலாம்.
• குடற்புழுத் தொல்லை இருந்தால் சொல்லுங்கள். புழுக்களை எதிர்ப்பதில் ஐஜிஇக்குப் பங்குண்டு.
• திடீர் இழுப்பைத் தணிக்க இவ்விரு சிகிச்சைகளும் உதவா. நிவாரண இன்ஹேலர் எப்போதும் கைவசம் இருக்கட்டும். பள்ளியிலும் ஒன்று இருத்தல் நன்று.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள்

• என் குழந்தைக்கு ஒவ்வாத பொருள் எது? அதற்கேற்ற தரமான இம்யூனோதெரபி மருந்து கிடைக்கிறதா?
• ஒரு சிகிச்சை மட்டும் போதாதா?
• பயன் உண்டா என்பதை எப்போது, எவ்வாறு அறிவோம்?
• மொத்தச் செலவு எவ்வளவு? அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் உதவி கிடைக்குமா?
• உயிரியல் மருந்தை எப்போது நிறுத்திப் பார்ப்போம்?

இரவில் தடையின்றி உறங்குவதும், மற்ற குழந்தைகளைப் போல் ஓடி விளையாடுவதும், பள்ளிக்குத் தவறாது செல்வதுமே சிகிச்சையின் நோக்கம். இந்நோக்கம் எளிய சிகிச்சையாலேயே நிறைவேறுமாயின் கூட்டுச் சிகிச்சை தேவையில்லை. நிறைவேறாதபோது, முறையான கண்காணிப்பின் கீழ் இதுவும் ஒரு வழியாகும்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.