ஊருக்கு ஊர் மாறும் வலையமைப்பு: நமது கோப்புகளுக்கு நாமே காவல்

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் பாதிக்கப்பட்ட பெண்களின் கையிலுள்ள கடதாசிக் கட்டு இன்னும் மெலியவில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், காணாமற்போனவருக்காகக் கொடுத்த முறைப்பாடு என எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றிப் பாதுகாக்கிறோம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பல, அங்கே யுத்தத்திலும் அகப்பட்டன. மடுல்சீமைத் தோட்டங்களுக்கு உறவைத் தேடித் திரும்பி வந்த சகோதரிகளின் ஆவணங்களை எங்கள் மகளிர் குழுவுக்காக நான் ஸ்கேன் செய்து மடிக்கணினியில் சேர்த்து வருகிறேன்.

அந்தக் கணினி ஓரிடத்தில் இருப்பதில்லை. இன்று தோட்டத்தில், நாளை பசறையில், மறுநாள் பதுளையில் ஓர் அலுவலகத்தில். போகும் இடமெல்லாம் அங்குள்ள கணினிக்குக் கோப்புகளைக் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் வலையமைப்பு வேறு. இதை அறிந்துகொள்வது கடினமல்ல, சகோதரிகளே.

லயமும் காம்பராவும்

வலையமைப்பை ஒரு லயமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணினியும் அதில் ஒரு காம்பரா. காம்பராவுக்கு இலக்கம் இருப்பதுபோல் கணினிக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதுவே ஐ.பி. முகவரி. பெரும்பாலும் அதைக் கொடுப்பது ரவுட்டர் என்ற சிறு பெட்டி. ஓர் இடத்தில் 192.168.1 என்றும் இன்னோர் இடத்தில் 192.168.0 என்றும் அது தொடங்கலாம். லயம் மாறினால் இலக்கமும் மாறத்தானே வேண்டும்? ஆகவே இலக்கத்தை நிரந்தரமாக எழுதிவைக்காமல், தானாகப் பெற்றுக்கொள்ளும்படி கணினியில் விட்டுவிடுங்கள். ஓர் இடத்துக்கென எழுதிவைத்த இலக்கம் அடுத்த இடத்தில் தொடர்பைத் தடுத்துவிடும். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து இலக்கம் கிடைக்கவில்லை என்று பொருள். தொடர்பைத் துண்டித்து மீண்டும் இணைத்துப் பாருங்கள்.

கதவைத் திறப்பதா, மூடுவதா?

புதிய வலையமைப்பு ஒவ்வொன்றையும் விண்டோஸ் இரண்டு வகையில் ஒன்றாக வைத்துக்கொள்ளும். 'பிரைவேட்' என்றால் அங்குள்ள மற்றக் கணினிகளுக்கு நமது கணினி தெரியும். 'பப்ளிக்' என்றால் மறைந்திருக்கும். ஒவ்வொரு வலையமைப்புக்கும் நாம் சொன்ன பதிலைக் கணினி தனித்தனியே நினைவில் வைத்திருக்கும். நமது குழுவின் அறைக்கும், நம்பிக்கையான அலுவலகத்துக்கும் மட்டும் 'பிரைவேட்' கொடுங்கள். கடை, பஸ் நிலையம், தங்குவிடுதி எல்லாம் 'பப்ளிக்' ஆகவே இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு கவனம்? ஒரு பட்டணத்தில் போட்டோப் பிரதி எடுக்கக் காத்திருந்தபோது, அங்குள்ள வைபையில் எனது கணினியை இணைத்தேன். வலையமைப்புப் பட்டியலில் யாரோ ஒருவரின் கணினிப் பெயர் தெரிந்தது. அதை அழுத்தியதும் கடவுச்சொல் கேட்காமலே ஒரு கோப்புறை திறந்தது. உள்ளே பெண்கள் பலரின் அடையாள அட்டைகளும் வங்கிப் புத்தகப் பக்கங்களும் இருந்தன. உடனே மூடிவிட்டேன். வேறொருவர் மூடியிருப்பாரா? கணவனை இழந்து தனியே வாழும் ஒரு பெண்ணின் முகவரியும், அவளுக்கு வரும் பணத்தின் கணக்கும் தவறான கையில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பகிரும் முறை

கொடுக்க வேண்டிய கோப்புகளை மட்டும் ஒரு புதிய கோப்புறையில் இடுங்கள். முழுக் கணினியையும் திறந்துவிடாதீர்கள். பகிர்வதற்கென்றே கடவுச்சொல்லுடன் ஒரு தனிப் பயனர் கணக்கை உண்டாக்குங்கள். கோப்புறையின் 'ஷெயாரிங்' பகுதியில் அந்தக் கணக்கை மட்டும் சேர்த்து, பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். 'எவ்ரிவன்' என்பதைத் தெரிவுசெய்ய வேண்டாம். மற்றக் கணினியில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு உங்கள் கணினியின் பெயரை எழுதினால், அந்தக் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டுத் திறக்கும். வேலை முடிந்ததும் பகிர்வதை நிறுத்திவிடுங்கள்.

வலையமைப்பே இல்லாத லயத்திலும் வழி உண்டு. கைபேசியின் ஹொட்ஸ்பொட்டைக் கடவுச்சொல்லுடன் திறந்து இரு கணினிகளையும் அதில் இணைக்கலாம். பெரும்பாலான கைபேசிகளில் டேட்டாவை நிறுத்திவிட்டே இதைச் செய்யலாம். கோப்பு இரு கணினிகளுக்கிடையில் மட்டும் போவதால் காசு போகாது. மலை மறைத்துச் சிக்னல் எட்டாத டிவிஷன்களில் இது பெரிய உதவி.

2017 மே மாதத்தில் வன்னாகிரை என்ற நச்சு மென்பொருள், விண்டோஸின் கோப்புப் பகிர்விலிருந்த ஓர் ஓட்டை வழியே 150க்கு மேற்பட்ட நாடுகளில் பரவியது. பிரித்தானியாவில் வைத்தியசாலைகளின் வேலையே தடைப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே அகப்பட்டன. எனவே புதுப்பித்தலைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

கணினி பழகாத சகோதரியும் ஒன்றைச் செய்யலாம். உங்கள் ஆவணத்தை யாராவது ஸ்கேன் செய்தால், "இது எங்கே இருக்கும்? யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. பொலித்தீன் பையை யார் கையிலும் சும்மா கொடுக்காத நாம், அதே கடதாசி கணினிக்குள் போன பின்பும் அதற்குச் சொந்தக்காரர்கள்தான்.