தானாகக் கற்றவர் என்னும் சொல்லும் பாட்டின் உரிமையும்

இசைக்கல்லூரியில் பயிலாமல் பாட்டு எழுதி, இசைத்து, பதிவும் செய்யும் தலித் இளைஞர் ஒருவர் பேசப்படத் தொடங்கியதும், 'தானாகக் கற்றவர்' என்னும் அடைமொழி அவருக்குச் சூட்டப்படுகிறது. பாராட்டாகச் சொல்லப்படும் இச்சொல்லுக்குள் ஒரு மறைப்பு இருக்கிறது. சபாவும் கல்லூரியும் ஆசிரியராக ஏற்காத ஒருவரிடம் கற்றால், ஆசிரியரே இல்லாமல் கற்றதாகக் கணக்கு எழுதப்படுகிறது. 2025-இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வான அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலுவை நாம் 'வேலு ஆசான்' என்றே அறிகிறோம். கற்பித்தவர் என்பதற்கான சான்று அவர் பெயரிலேயே ஒட்டியிருக்கிறது.

பறை கற்பதில் எழுத்துக் குறிப்பு கிடையாது, நுட்பம் உண்டு. அடிகளை வாயால் சொல்லிப் பழகிய பிறகே குச்சி கைக்கு வருகிறது. ஒரு கையில் நீண்டு மெலிந்த குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. இரண்டும் எழுப்பும் ஒலிகள் வேறு வேறு. ஈரக்காற்றில் தோல் தளரும் என்பதால், தீயில் காய்ச்சி அதன் சுருதியை ஏற்றுகிறார்கள். எவ்வளவு நேரம் காய்ச்சுவது என்பதைக் காதுதான் தீர்மானிக்கிறது. சாமிச்சாட்டு அடி, ஒத்தையடி, டப்பா அடி என ஒவ்வோர் அடிக்கும் பெயரும் இடமும் உண்டு. பெயர்களும் வகைகளும் பயிற்சி வரிசையும் கொண்ட ஒன்றைப் பாடத்திட்டம் என்று அழைக்கத் தயங்குவது சாதியப் பார்வையன்றி வேறென்ன?

பாட்டுக் கட்டுதலும் இவ்வாறே. வடசென்னையின் இறப்பு வீடுகளில் இரவெல்லாம் பாடப்படும் மரண கானாவில், பாடகர் இறந்தவரின் பெயரையும் தொழிலையும் உறவுகளையும் கேட்டறிந்து, தமக்குப் பழகிய மெட்டில் அங்கேயே சொற்களைப் பொருத்துகிறார். எதுகையும் இயைபும் அவருக்கு யாப்பிலக்கண நூலிலிருந்து வந்தவையல்ல. அழுதுகொண்டிருக்கும் கூட்டம் அடுத்த வரிக்குக் காத்திருக்கும் நெருக்கடியிலிருந்து வந்தவை. எந்தப் பட்டறையிலும் கிடைக்காத பயிற்சி இது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் பறையையும் ராப், ராக் இசையோடு ஒரே மேடையில் நிறுத்தியது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதியற்ற தமிழர்' என்னும் கருத்திலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட குழு அது. அதில் பாடிய இசைவாணியை 2020-இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

பதிவு செய்தலில்தான் மரபு கைகொடுக்காத புதிய பாடம் தொடங்குகிறது. கைப்பேசியின் ஒலிவாங்கி மனிதப் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. பறையின் முதல் அடி விழுந்ததும் அது தானாகவே ஒலியளவைக் குறைத்துவிட, தொடர்ந்து வரும் குரல் அமுங்கிப்போகிறது. ஆகவே பறையைத் திறந்தவெளியில், கருவியைச் சில அடிகள் தள்ளி வைத்துத் தனியே பதிவதும், குரலைப் போர்வை தொங்கவிட்ட அறையில் தனியே பதிவதும் நல்லது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். தாளக்கணிப்பானை முதலில் ஓடவிட்டு அதற்குப் பறையைக் கட்டிப்போடுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். போகப்போக வேகம் ஏறுவது அந்த ஆட்டத்தின் இயல்பு. பறையை முதலில் பதிந்து மற்றவற்றை அதன் பின்னே நடக்கவிடுவதே முறை.

ஆனால் பதிவான கணத்திலேயே பாட்டு சொத்தாகிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டைப் பல துண்டுகளாகப் பார்க்கிறது. வரிகள் எழுதியவருக்கு, மெட்டு அமைத்தவருக்கு, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை, ஒலிப்பதிவோ, அதற்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்த தயாரிப்பாளருக்கு. வீட்டில் தாமே பதிவு செய்யும் இளைஞர், எழுதிக் கொடுத்துவிடாதவரை, இந்த நான்குக்கும் உரியவராக இருக்க முடியும். பதிவுத்துறையில் பதிந்தால்தான் உரிமை என்பதும் இல்லை. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தாக வேண்டும்; காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் மட்டுமே, இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே அது செல்லும். திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த பாட்டின் கவிஞரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தமக்குரிய சமபங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்பது 2012 திருத்தம் தந்த பாதுகாப்பு.

சட்டம் இருந்தும் என்ன நடக்கிறது என்பதற்கு 2021-இல் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' போதுமான சான்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்விலிருந்து அறிவு எடுத்த பாட்டு அது. அதே ஆண்டில் ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் அவர் படம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அவருக்கெனத் தனி அட்டை வந்தது. 2022 சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க மேடையில் பாட்டு ஒலித்தது, அவர் இல்லை. மெட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதில் அவரும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறாகப் பேசினர். 2024-இல் சந்தோஷ் நாராயணனே, அப்பாட்டின் வருமானத்திலிருந்து தமக்கும் மற்ற கலைஞர்களுக்கும் எதுவும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உலகமே கேட்ட பாட்டுக்கே இந்நிலை.

இதைவிடக் கீழே நிற்பவர் பறை அடிப்பவர். மரபு அடிகளுக்குச் சட்டத்தில் தனி உரிமையாளர் இல்லை. பதிவுக்கூடத்தில் ஒரு நாள் அடித்துவிட்டுக் கூலியோடு திரும்புபவருக்கு எஞ்சுவது நிகழ்த்துநர் உரிமை மட்டுமே. அதையும் 'பறைக்குழு' என்னும் ஒற்றைச் சொல் விழுங்கிவிடுகிறது. நம் மாணவர் அமைப்புகளும் இயக்கக் கலைக்குழுக்களும் வெளியிடும் பாட்டுகளிலேனும், பதிவு தொடங்கும் முன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளலாம்: வரி யாருடையது, மெட்டு யாருடையது, எந்த அடியை யார் அடித்தார், யாரிடம் அதைக் கற்றார். அனைவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி எடுத்துக்கொண்ட பிறகு பதிவைத் தொடங்கலாம்.