பின்பனிக் காலத்துத் தரிசு நிலம்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலமாகும். புல் காய்ந்து, மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் இந்நாட்களில் ஊர்ப்புறத்தில் காண என்ன இருக்கிறது என நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. விடுமுறை நாட்களில் குன்றின் அடிவாரத்திலும் ஏரிக்கரையிலும் நடந்து பழகிய நான், காண்பதற்கு ஏற்ற காலமே இதுதான் என்பேன்.

முதலில் மரங்களைக் காண்போம். முள்ளிலவு, புரசு, கோங்கு ஆகிய மூன்றும் இலையற்ற கிளைகளில் பூப்பவை. இலைகளின் வழியே நீர் ஆவியாகி வெளியேறுகிறது. ஆகவே வறண்ட காலத்தில் மரம் இலைகளை உதிர்த்து நீரைக் காத்துக்கொள்கிறது. மறைக்க இலையில்லாததால் பூக்கள் தொலைவிலிருந்தே தெரிகின்றன. செந்நிறம் தேனீக்களின் கண்ணுக்கு நன்கு புலப்படாது. பறவைகளுக்கோ தெளிவாகத் தெரியும். எனவேதான் சிவந்த முள்ளிலவிலும் தீக்கொழுந்து போன்ற புரசிலும் மைனா, தேன்சிட்டு முதலியவை மொய்க்கின்றன. அவை தேனருந்தும்போதே மகரந்தச் சேர்க்கையும் நடைபெறுகிறது. மஞ்சள் நிறக் கோங்கினை நாடி வருபவை வண்டினங்கள். முள்ளிலவின் காய்கள் கோடையில் வெடிக்கும். பஞ்சோடு பறக்கும் விதைகள் பின்வரும் மழையில் முளைக்கும். வறட்சியில் பூப்பதன் பயன் இப்போது விளங்கும்.

இனி, தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்ப்போம். நெருஞ்சியின் மஞ்சளும் விஷ்ணுகிராந்தியின் நீலமும் காலடியிலேயே கிடக்கின்றன. கூழாங்கற்களுக்கிடையே ஆட்காட்டிப் பறவை முட்டையிடத் தொடங்குவதும் பங்குனியை ஒட்டியே. கூடு என்று ஒன்றும் கட்டாது. சிறு குழியே போதும். கல்லின் நிறத்தில் இருப்பதால், முட்டைகளை மிதிக்கும் அளவு நெருங்கினாலும் கண்ணுக்குத் தெரியா. ஏரியிலோ ஊசிவால் வாத்துகளைக் காணலாம். வடக்கேயுள்ள குளிர்நாடுகளிலிருந்து வந்த இவ்விருந்தினர் திரும்பிச் செல்லும் காலமும் நெருங்கிவிட்டது.

இத்தனை உயிர்கள் வாழும் நிலத்திற்கு நாம் இட்ட பெயர் 'தரிசு'. 2000ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர் மண்டிய நிலம் தரிசின் ஒரு வகையாகவே இடம்பெற்றது. பயனற்றது என்று பெயரிட்டபின் அங்கே குப்பை கொட்டவோ, காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கவோ எவருக்கும் மனம் கூசுவதில்லை. ஒரு தீக்குச்சியில் ஆட்காட்டியின் முட்டைகளும் முயலின் புகலிடமும் கருகிப்போகின்றன. இழந்தது இன்னதென்று சொல்லக்கூட ஆளில்லை. ஏனெனில் அங்கே இருந்தது இன்னதென்று எவரும் எழுதி வைக்கவில்லை.

அதை எழுதி வைப்பது மாணவராகிய நம்மால் இயலும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பு, 2013 முதல் உலகம் தழுவியதாயிற்று. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணிக் குறித்தால் எவரும் அதில் பங்கேற்கலாம். பூக்களுக்கும் அவ்வாறே நாள், இடம், பெயர் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுவோம். பெயர் தெரியாவிடில் ஆடு மேய்க்கும் பெரியவரைக் கேட்போம். பறிக்காமல் வரைந்து கொள்வோம்.

அடுத்த மாசியில் கல்லூரிக்கு அருகிலுள்ள தரிசுக்கு ஒரு முறை காலையில் சென்று வாருங்கள், நண்பர்களே! பெயர் தெரிந்த செடிக்குத் தீ வைக்க எவருக்கும் எளிதில் கை வராது.