வீட்டில் பி.பி. பார்க்கிறீர்களா? எக்ஸெல்லில் பதியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், கேம்ஸ், இன்டர்நெட் தவிர இதில் உருப்படியாக என்ன செய்யலாம் என்று கேட்பதுண்டு. வீட்டில் யாராவது ரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிட்டால், முதலில் ஒரு எக்ஸெல் ஒர்க் ஷீட்டைத் திறந்திடுங்கள் என்பேன்.

பி.பி. நாள் முழுக்க ஏறி இறங்கும். டாக்டரைப் பார்த்த பதற்றத்திலேயே சிலருக்கு ஏறிவிடும். சிலருக்கு நேர்மாறாக, கிளினிக்கில் சரியாக இருக்கும், வீட்டில் கூடியிருக்கும். யாருக்கும் சந்தேகமே வராது என்பதால் இந்த இரண்டாவது வகைதான் எனக்குப் பயம். என் அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது. காலை 8 மணிக்கு மாத்திரை, 11 மணிக்கு கிளினிக். அங்கே எப்போதும் 130ஐ ஒட்டித்தான் காட்டும். "கன்ட்ரோல்ல இருக்கும்மா" என்று டாக்டர் அனுப்பிவிடுவார்.

வீட்டிற்கு டிஜிட்டல் கருவி வாங்கினோம். நாடித் துடிப்பால் கைப்பட்டையில் ஏற்படும் அதிர்வுகளை இதன் சென்சார் பிடிக்கிறது. அதிலிருந்து உள்ளே இருக்கும் சிப் கணக்குப் போட்டு இரண்டு எண்களைத் தருகிறது. எனவே கையை அசைத்தாலும் பேசினாலும் கணக்கு கெடும். மணிக்கட்டில் கட்டுவதை விட மேல் கையில் கட்டும் கருவியே நல்லது. பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவைக் கூட்டிக் காட்டும்.

ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கம் சொல்லும் முறையைப் பின்பற்றினோம். 7 நாட்கள், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலை அல்லது இரவிலும் பார்க்க வேண்டும். 5 நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார்ந்த பின் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி கூடாது. (எங்கள் வீட்டில் சண்டையே இதற்குத்தான்!)

ஷீட்டில் தேதி, வேளை, மேல் அளவு, கீழ் அளவு, குறிப்பு எனத் தனித்தனிக் காலங்கள் அமைத்திடவும். 138/86 என்று ஒரே செல்லில் டைப் செய்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, சராசரியும் கிடைக்காது. கண்ட்ரோல் கீயுடன் செமிகோலன் அழுத்தினால் அன்றைய தேதி வந்துவிடும். 138ஐ 140 ஆக்கி எழுத வேண்டாம்.

வாரம் முடிந்ததும் முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு, டேட்டா டேபில் உள்ள பில்டர் மூலம் 'காலை' வரிசைகளை மட்டும் காட்டச் செய்து, மேல் அளவுகளை செலக்ட் செய்திடவும். கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் சராசரி தானாகவே தெரியும். பார்முலா எதுவும் தேவையில்லை.

அம்மாவுக்கு இரவுச் சராசரி 131/80. காலையில் 152/92! வீட்டு அளவில் சராசரி 135/85ஐ எட்டினாலே அதிகம் என்பது அந்தச் சங்கத்தின் கணக்கு. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். மாத்திரையின் வேலை மறுநாள் காலை வரை நீடிக்கவில்லை என்றார். 24 மணி நேரமும் வேலை செய்யும் வேறு மாத்திரைக்கு மாற்றினார். அடுத்த மாதம் இதே போல 7 நாட்கள் பார்த்ததில் காலைச் சராசரி 134/83. இன்னும் கொஞ்சம் குறைய வேண்டுமாம்.

ஷீட்டைப் பார்த்து நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. 180/120க்கு மேல் காட்டி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் கம்ப்யூட்டர் பக்கம் போகாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கருவியின் மெமரியில் இருந்து எண்களை எடுப்பவர்கள், பேட்டரி மாற்றிய பின் தேதி, நேரம் சரியாக உள்ளதா என்று பார்த்திடவும். இருவர் பயன்படுத்தினால் ஆளுக்கொரு யூசர் பட்டன் உள்ள கருவியாக வாங்குங்கள். இல்லாவிட்டால் அப்பாவின் அளவுகள் அம்மாவின் கணக்கில் ஏறிவிடும். பைலுக்கு அவரவர் பெயருடன் மாதத்தையும் ஆண்டையும் சேர்த்து சேவ் செய்து, பென் டிரைவில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள்.