வேதாளத்துக்கு ஒரு கதை இருந்தது

1985-இல் எனக்கு ஆறு வயது. சைதாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த ஸ்டோரில் ஏழு குடித்தனங்கள்; டிவி இருந்தது ஒரே வீட்டில். நான்கு கால்களில் நிற்கும் கருப்பு வெள்ளை டயனோரா. இரண்டு பக்கமும் இழுத்து மூடும் மர ஷட்டர், அதற்கு ஒரு குட்டிப் பூட்டு. ஞாயிறு சாயங்காலத் தமிழ்ப் படத்துக்கு இடம் பிடிக்க நாங்கள் சீக்கிரமே போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவோம். அப்படிப் போனபோதுதான் ‘விக்ரம் அவுர் பேத்தாள்’ என்ற தொடர் எங்களைப் பிடித்துக்கொண்டது.

இருட்டு. ஒரு மரம். நீளமான வெள்ளை முடியோடு ஓர் உருவம். ராஜா அதைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு நடப்பார். அது விடாமல் பேசும், நடுநடுவே சிரிக்கும். கடைசியில் ராஜா வாயைத் திறந்ததும் பெருஞ்சிரிப்போடு பறந்து போய்விடும். எல்லாம் இந்தியில். எங்களில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ராஜாவாக அருண் கோவிலும் வேதாளமாக சஜ்ஜன் என்ற மூத்த நடிகரும் நடித்தார்கள் என்பதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தவை இரண்டுதான்: அந்த முடி, அந்தச் சிரிப்பு.

ஸ்டோரின் பொதுக் கழிப்பறை கொல்லைக் கோடியில். அதன் பக்கத்தில் ஒரு முருங்கை மரம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் அந்தப் பத்தடியைக் கடக்க என்னால் முடியாது. அடக்கிக்கொண்டு படுப்பேன், விடிந்தால் பாய் நனைந்திருக்கும்.

ஆயாதான் கண்டுபிடித்தாள். “எதைப் பார்த்துடி பயந்தே?” என்றாள். சொன்னேன். “அட, அதுவா? அதுக்கு ஒரு கதை இருக்கே” என்று மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வேதாளம் கதை சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் ராஜா பேசாமலிருந்தால் தலை வெடித்துவிடும். பேசினாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும். “அது கடிக்காது, பிடிக்காது. அதுக்கு வேண்டியது பதில்தான்” என்றாள். எங்கள் வீட்டில் யாராவது பழைய பிடிவாதத்துக்குத் திரும்பினால் ‘வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடுச்சு’ என்பது வழக்கம். அந்த வேதாளமும் இதுவும் ஒன்றுதான் என்று அன்றுதான் புரிந்தது.

அடுத்த வாரம் பழைய பேப்பர்க் கடையிலிருந்து ஒரு ‘அம்புலிமாமா’ வந்தது. ஓவியர் சங்கர் வரைந்த படம்: கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு. அதுவும் பயமுறுத்தும் படம்தான். ஆனால் கீழே தமிழில் கதை இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ராஜா வாயைத் திறக்கப் போகும்போது, “பேசாதே, பேசாதே” என்று டிவியைப் பார்த்துக் கத்துகிறவளாக மாறிவிட்டேன்.

வெகுகாலம் கழித்து, ஜோவான் கேன்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் ஆய்வுகளைப் பற்றிப் படித்தேன். திரையைக் கண்டு குழந்தைகள் அஞ்சுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் சொல்வதன் சாரம் இது: ஏழு வயதுக்குக் கீழே குழந்தையை மிரட்டுவது உருவம், நல்லது கெட்டது அப்புறம்தான். ‘ஹல்க்’ தொடரில் நல்ல மனிதர் ஒருவர் பச்சை ராட்சசனாக மாறும் இடத்தில் சின்னக் குழந்தைகள் நடுங்கினார்கள். அவன் காப்பாற்றத்தான் வருகிறான் என்று கதையைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த பெரிய பிள்ளைகள் அவ்வளவாக அஞ்சவில்லை. மிகச் சிறிய குழந்தைக்கு விளக்கம் உதவாது. மடியும் அணைப்பும்தான் உதவும். சற்று வளர்ந்த பிள்ளைக்கு விளக்கம் உதவும். ஆயா இரண்டையும் ஒரே நேரத்தில் தந்திருக்கிறாள்.

அமெரிக்கக் குழந்தைகளுக்கும் இது நடந்திருக்கிறது. 1939-இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் சூனியக்காரியாக நடித்தவர் மார்கரெட் ஹாமில்டன். 1976-இல் அதே வேடத்தில் ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சிக்கு வந்தார். பிள்ளைகள் பயந்து அழுவதாகப் பெற்றோர்களின் கடிதங்கள் குவிந்தன. அந்தப் பகுதி பிறகு மறு ஒளிபரப்பே ஆகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் ஃப்ரெட் ரோஜர்ஸின் குழந்தைகள் நிகழ்ச்சிக்கும் வந்திருந்தார். அங்கே சாதாரணப் பாட்டியாக உட்கார்ந்து பேசிவிட்டு, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அந்தக் கருப்பு உடையையும் தொப்பியையும் அணிந்து காட்டினார். அதே நடிகை, அதே தொப்பி. அதற்குள் ஒரு மனுஷி இருக்கிறாள் என்று ரோஜர்ஸ் முதலிலேயே காட்டிவிட்டார்.

இப்போது என் தம்பி மகளுக்கு நான்கு வயது. சில மாதங்களுக்கு முன் ராத்திரிகளில் வீறிட்டு எழத் தொடங்கினாள். “அத்தை, ப்ளூ வருது” என்பாள். என்ன ப்ளூ என்றால் சொல்லத் தெரியாது. சோறு ஊட்டும்போது அவள் முன்னால் வைக்கும் போனை ஒருநாள் நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். நீல ரோமம், நீளமான கைகள், காதுவரை கிழிந்த சிவப்பு வாய், அதற்குள் வரிசை வரிசையாய்ப் பல். பாட்டு வருகிறது, அலறல் வருகிறது, பேச்சே இல்லை. ஒன்று முடிந்ததும் இன்னொன்று தானாக வந்தது.

அதன் பெயர் ஹக்கி வக்கி. 2021-இல் வெளிவந்த ஒரு திகில் கணினி விளையாட்டின் பாத்திரம். கைவிடப்பட்ட பொம்மைத் தொழிற்சாலையில் துரத்திவரும் அரக்கன். நான்கு வயதுக் குழந்தைக்காக யாரும் அதைப் படைக்கவில்லை. ஆனால் அங்கிருந்து யார் யாரோ செய்த பாட்டுகளுக்கும் துண்டுப் படங்களுக்கும் வந்து, கடைசியில் எங்கள் கோயில் திருவிழாக் கடையில் பஞ்சுப் பொம்மையாகவும் தொங்கியது. இது புதிதும் அல்ல. 2017-இலேயே எல்சா, ஸ்பைடர்மேன் உருவங்களை வைத்துக் குழந்தைப் படம்போல ஜோடித்த கொடூரமான காணொளிகள் யூடியூபில் பெருகி, பெரும் எதிர்ப்புக்குப் பின் அந்நிறுவனம் அவற்றை ஏராளமாக நீக்க வேண்டியிருந்தது.

பயம் புதிதல்ல, அன்று எனக்கும் புரியாத மொழியில் ஓர் உருவம்தான் வந்தது. ஆனால் நான் பயந்தபோது என்னைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிவி வீட்டு மாமி ஷட்டரை இழுத்துப் பூட்டினால் வேதாளம் உள்ளேயே இருக்கும். அடுத்த ஞாயிறு வரை ஒரு வாரம் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் கதை தெரிந்த ஒருத்தி வீட்டில் இருந்தாள். அந்தக் கதை அவளுக்கு அவள் பாட்டியிடமிருந்து வந்தது. நீலப் பொம்மையின் கதை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. குழந்தை கார்ட்டூன் பார்க்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அன்றைய காலத்தை நான் புகழ்ந்து தள்ள மாட்டேன். பாய் நனைத்ததற்கு முதலில் எனக்குக் கிடைத்தது அடி. பயத்தைச் சொன்ன பையன்களுக்குப் ‘பயந்தாங்கொள்ளி’ என்ற பட்டம் கிடைத்தது. பலர் சொல்லாமலே வளர்ந்தார்கள். இன்று என் தம்பி மனைவி மகள் அலறிய முதல் இரவே விளக்கைப் போட்டு, அணைத்துக்கொண்டு, என்ன என்று கேட்டாள். இது பெரிய மாற்றம், நல்ல மாற்றம். கேட்கத் தெரிந்த பெற்றோர் இன்று இருக்கிறார்கள். பார்க்கும்போது கூட உட்காரத்தான் நேரமில்லை. இருவரும் வேலைக்குப் போய்த் திரும்பும் வீட்டில், ஒரு கவளம் உள்ளே போனால் போதும் என்ற களைப்பு எனக்கும் புரிகிறது.

முடிந்ததைச் செய்தோம். போனில் அவள் பார்த்தவற்றின் பட்டியலை அழித்தோம். அதை வைத்துத்தான் அடுத்தடுத்து அதே ரகம் வருகிறது. பெரியவர்களின் யூடியூபை நிறுத்திவிட்டு யூடியூப் கிட்ஸ் வைத்து, நாங்கள் தேர்ந்தெடுத்தவை மட்டும் வரும்படி அமைத்தோம். சோற்று நேரத்தில் போன் அலமாரிமேல். முதல் வாரம் அழுகை. இரண்டாம் வாரம் “கதை சொல்லு” என்றாள்.

வேதாளத்தைச் சொன்னேன். மடியில் வைத்துக்கொண்டு, ஆயா குரலில், கேள்வியும் பதிலுமாக. சொல்வதற்கு முன் தனியாக உட்கார்ந்து அந்தப் பழைய தொடரைத் தேடிப் பார்த்திருந்தேன். சஜ்ஜனின் ஒட்டு முடியைக் கண்டதும், அவரைப் பார்த்தா நடுங்கினோம் என்று நெஞ்சு நெகிழ்ந்தது. குழந்தைக்கு அதைப் போட்டுக் காட்டவில்லை. வாயால் சொன்னது போதுமாக இருந்தது.

முடி தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கும் என்ற இடத்தில் அவள் உடல் இறுகியது. என் கையை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டாள். நான் நிறுத்திக் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

“அவ்ளோ முடி இருந்தா பேன் வராதா அத்தை? அதுக்கு யாரு வாரி விடுவா?”