நிக்கோபார் மெகாபோட்: கண்ணில் படாத பறவையைக் காட்டிக்கொடுக்கும் மண்மேடு

கோழி அளவிலான பழுப்பு நிறப் பறவை; முகத்தில் சிவந்த வெற்றுத்தோல்; மண்ணைக் கிளற வலுவான பெரிய கால்கள். ஆளரவம் கேட்டால் பறப்பதைவிடப் புதருக்குள் ஓடி மறையவே முற்படும். நிக்கோபார் தீவுகளின் மழைக்காடுகளில் வாழும் மெகாபோட் பறவையை நேரில் காண்பது, அனுபவமிக்க பறவை ஆர்வலர்களுக்கும் எளிதன்று.

ஆனால், அதன் இருப்பிடத்தை ஒரு மண்மேடு காட்டிக்கொடுத்துவிடும்.

இப்பறவை அடைகாப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய காட்டோரத்தில் மணல், பவளத் துகள், உதிர்ந்த இலைகள் ஆகியவற்றைக் காலால் வாரிக் குவித்து, அதற்குள் முட்டையைப் புதைக்கிறது. இலைகள் மட்கும்போது உண்டாகும் வெப்பமே முட்டையைப் பொரிக்கிறது. குஞ்சு தானே மண்ணைத் தோண்டி வெளியேறும். முழுச் சிறகுகளுடன் பிறப்பதால் பெற்றோரின் பராமரிப்பு அதற்குத் தேவையில்லை.

மேட்டின் மேற்பரப்பு இறுகி, செடிகொடிகள் மூடியிருந்தால் அது கைவிடப்பட்டது எனக் கொள்ளலாம். புதிதாகக் கிளறப்பட்ட ஈரமண்ணும் கால்தடங்களும் தென்பட்டால் பறவை அருகிலேயே இருக்கக்கூடும். தொலைவில் மறைந்து அமைதியாகக் காத்திருப்பதே ஒரே வழி. மேட்டின் மீது ஏறுவதோ, தோண்டிப் பார்ப்பதோ உள்ளிருக்கும் முட்டைகளை அழித்துவிடும். பழங்குடியினர் காப்பகப் பகுதிகளுக்குள் செல்ல முன்அனுமதியும் கட்டாயம்.

கரையோரத்தை நம்பியிருப்பதே இப்பறவையின் பலவீனமும்கூட. 2004 ஆழிப்பேரலை ஏராளமான மேடுகளை அடித்துச் சென்றது. செயல்பாட்டில் இருந்த மேடுகளில் சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டதாகப் பின்னர் நடந்த கணக்கெடுப்பு காட்டியது.

தற்போது கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா வளைகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் திட்டமிடப்பட்டுள்ளது. இதற்காக, அங்கிருந்த வன உயிரினச் சரணாலயத்தின் தகுதியை நீக்க 2021 ஜனவரியில் தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழு ஒப்புதல் அளித்தது. திட்டப் பகுதியில் செயல்பாட்டில் உள்ள 51 மேடுகளில் சுமார் 30 நிரந்தரமாக அழியும் என்பது சுற்றுச்சூழல் மதிப்பீட்டின்போதே பதிவான தகவல்.

இதனை ஈடுசெய்யும் வகையில், 2022-இல் மென்சால் தீவு மெகாபோட் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேட்டையும் அதற்குள் புதைந்துள்ள முட்டைகளையும் அங்கே பெயர்த்துக் கொண்டுசெல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.