மவுத்தும் மய்யித்தும் ஒன்றல்ல

“அவங்க வீட்ல மவுத்து”, “மய்யித்தை எப்போ எடுக்குறாங்க?” துக்கச் செய்தி வந்தால் நாம் பேசும் பேச்சு இது. இரு சொற்களும் ஒரே அரபி வேரிலிருந்து வந்தவை. மவுத்து (மௌத்) என்றால் மரணம். மய்யித்து (மய்யித்) என்றால் மரணித்தவர். முன்னது நிகழ்வு, பின்னது ஆள். ஸூரா அஸ்ஸுமரின் 30ஆவது வசனத்தில் ‘மய்யித்’ என்பது இனி மரணிக்கவிருப்பவரையும் குறிக்கிறது.

தமிழும் தக்கனி உருதும் பேசும் குடும்பங்கள் கலந்து வாழும் பெரிய காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் இரண்டும் எளிதில் கலந்துவிடும். உருதுப் பேச்சில் “மய்யத் ஹோகயீ” என்றால் சாவு நடந்துவிட்டது என்று பொருள். அங்கே மய்யத் என்பது உடலையும் குறிக்கும், இறப்பையும் குறிக்கும்.

பேச்சில் கலந்தால் குற்றமில்லை. மார்க்கச் சட்டத்தில் கலந்தால் கணக்கு தவறிவிடும்.

கணவரை இழந்த பெண்ணின் இத்தா 4 மாதம் 10 நாள். கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை. இது மவுத்து நேர்ந்த நேரத்திலிருந்தே தொடங்குகிறது. வளைகுடாவில் இறந்தவரின் மய்யித்து பத்து நாள் கழித்து ஊர் வந்தாலும், அந்தப் பத்து நாளும் இத்தாவில் சேரும். அடக்கம் செய்த நாளிலிருந்து எண்ணினால், அந்தப் பெண் கடமையில்லாத பத்து நாளைக் கூடுதலாகச் சுமக்கிறாள்.

வாரிசுரிமையும் அப்படியே. தந்தை மவுத்தான நேரத்தில் உயிரோடிருந்த மகன், அடக்கத்துக்கு முன்பே இறந்தாலும் வாரிசுதான். அவன் பங்கு அவனுடைய வாரிசுகளுக்குச் சேரும்.

மய்யித்துக்கு உரியவை வேறு: குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், ஜனாஸா தொழுகை, நல்லடக்கம். இந்த நான்கும் ஊரார் மீது ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்கும், யாரும் செய்யாவிட்டால் அறிந்தவர் எல்லோரும் குற்றவாளிகள். அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து அடக்கச் செலவு போக, கடனை அடைக்க வேண்டும். பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத்தை நிறைவேற்றி, அதன் பின்னரே பாகப்பிரிவினை.

ஆகவே ஜமாஅத் அறிவிப்பிலும் வாட்ஸ்அப் செய்தியிலும் மவுத்தான தேதி, நேரம் ஒரு வரியிலும், ஜனாஸா தொழுகை நேரம் மறு வரியிலும் தனித்தனியாக இருக்கட்டும். 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்யும்போதும் மவுத்தான தேதியைத்தான் கொடுக்க வேண்டும்.

அல்லாஹ் நம் மய்யித்துகளின் பிழைகளை மன்னித்து, நமக்கும் ஈமானுடன் மவுத்தை நல்குவானாக. ஆமீன்.